ஒரே இரவில் 412 சர்வர்கள்: சேஞ்ச் போர்டுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் நிறுவனத்தின் உள்கட்டமைப்புத் தலைமைக்கும், கணினிகளில் செய்யும் மாற்றங்களுக்கு ஒப்புதல் தரும் சேஞ்ச் அட்வைசரி போர்டின் உறுப்பினர்களுக்கும்,

சென்ற வாரக் கூட்டத்தில் நீங்கள் எடுத்த இரண்டு முடிவுகளைப் பற்றி எழுதுகிறேன். ஒன்று, சர்வர்களின் பாகங்களுக்குள்ளேயே இருந்து அவற்றை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரின் அப்டேட் இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிடையாது. வருடத்துக்கு ஒரே முறைதான். அதுவும் டிசம்பர் முதல் சனிக்கிழமை இரவு 10 மணியிலிருந்து ஞாயிறு காலை 6 மணி வரை, 412 சர்வர்களுக்கும் சேர்த்து. இன்னொன்று, செலவைக் குறைப்பதற்காக, புதிய பதிப்புகளை முதலில் ஏற்றிப் பார்க்கும் ஆறு சர்வர்கள் இருக்கும் அலமாரியை, அதாவது டெஸ்ட் ரேக்கைக் காலி செய்து விற்றுவிடுவது.

இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. உள்ளுக்குள் மூன்று மின்னஞ்சல் எழுதினேன். ஒன்றுக்கு "பார்த்தோம்" என்று பதில் வந்தது, மற்ற இரண்டுக்கு அதுவும் வரவில்லை. அதனால்தான் வெளிப்படையாக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர், வாடிக்கையாளர்களின் பெயர், எங்களிடம் என்ன மாடல் சர்வர்கள் இருக்கின்றன என்ற விவரம் எதையும் இங்கே எழுதப் போவதில்லை. அது பாதுகாப்புக்குக் கேடு. ஆனால் வேறு நிறுவனங்களில் இதே வேலை பார்க்கும் நண்பர்களிடம் பேசும்போது, அங்கேயும் இதே மாதிரி முடிவுகள்தான் எடுக்கிறார்கள் என்று தெரிகிறது. அவர்களுக்கும் இது கையில் இருக்கட்டும்.

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கும் ஒரு டேட்டா சென்டரில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். நீங்கள் அறிக்கையில் பார்க்கும் சர்வர்களை நான் கையால் தொட்டு, ரேக்கில் ஏற்றி, இறக்கி, இரவில் அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் பேசுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கி ஓட்டும் தனித்தனிக் கணினிகள்தான் விஎம்; அவற்றைத் தாங்கும் சர்வர் ஹோஸ்ட்; ஒன்றாக இயங்கும் சர்வர்களின் கூட்டம் கிளஸ்டர். எங்களிடம் 16 ஹோஸ்ட் கொண்ட விஎம் கிளஸ்டர்கள் 18 இருக்கின்றன. அது 288 சர்வர். 12 சர்வர் கொண்ட ஸ்டோரேஜ் கிளஸ்டர்கள் 4, அது 48. மீதி 76 சர்வர்கள் டேட்டாபேஸ், பேக்கப், நிர்வாக வேலைகளுக்கானவை. அவற்றில் பெரும்பாலானவை, ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும்படி ஜோடி ஜோடியாக அமைக்கப்பட்டவை. ஒரு விஎம் கிளஸ்டரில் ஒரே ஒரு ஹோஸ்ட் அளவுக்குத்தான் உபரி இடம் வைத்திருக்கிறோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, பல இடங்களில் அப்படித்தான் வைக்கிறார்கள். ஆக, ஒரு கிளஸ்டரில் ஒரு நேரத்தில் ஒரு ஹோஸ்ட்டைத்தான் நிறுத்த முடியும். அதில் ஓடும் விஎம்களைப் பக்கத்து ஹோஸ்ட்டுகளுக்கு நகர்த்த எங்களிடம் ஏறத்தாழ 30 நிமிடம் ஆகிறது. பயாஸ் (சர்வரை எழுப்பும் அடிப்படை மென்பொருள்), ரெய்டு கன்ட்ரோலர் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தகவலைக் காப்பது), நெட்வொர்க் கார்டு, டிஸ்க் என்று ஒவ்வொன்றின் ஃபர்ம்வேரையும் ஏற்றி, இரண்டு மூன்று முறை ரீபூட் ஆகி, மெமரியைச் சரிபார்த்துக்கொண்டு எழுந்துவர 45 நிமிடம். மொத்தம் 75 நிமிடம். 16 ஹோஸ்ட்டுக்கு 20 மணி நேரம்.

நீங்கள் கொடுத்திருப்பது 8 மணி நேரம்.

18 கிளஸ்டர்களையும் ஒரே நொடியில் தொடங்கினாலும், ஒவ்வொன்றிலும் 6 ஹோஸ்ட்தான் விடிவதற்குள் முடியும். 16-ஐயும் முடிக்க வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் மூன்று ஹோஸ்ட்டை இறக்கியாக வேண்டும். உபரி ஒன்று, இறக்குவது மூன்று. இரண்டு ஹோஸ்ட்டின் விஎம்களுக்கு நிற்க இடமில்லை. அவற்றை நிறுத்தத்தான் வேண்டும். "வாடிக்கையாளருக்கு எந்தத் தடங்கலும் இருக்காது" என்று நீங்கள் அறிவிப்பில் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கணக்குப்படி அந்த வரி உண்மை இல்லை. கூட்டத்தில் யாராவது ஒருவர் எங்களில் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால், ஐந்து நிமிடத்தில் இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியிருப்போம்.

"டூல் பார்த்துக்கொள்ளும்" என்று கூட்டத்தில் சொல்லப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். சர்வர்களுக்குத் தானாக ஃபர்ம்வேர் ஏற்றும் அந்த டூலை ஓட்டுபவர்களில் நானும் ஒருவன். ஓப்பன்மேனேஜ், ஒன்வியூ, எக்ஸ்கிளாரிட்டி என்று ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒன்று வைத்திருக்கிறார்கள். அடியில் ரெட்ஃபிஷ் என்ற பொதுத் தரம் இருப்பதால் நாமே ஸ்கிரிப்ட் எழுதியும் செய்யலாம். எல்லாமே நல்ல கருவிகள். எந்த சர்வரில் எந்தப் பதிப்பு இருக்கிறது, எது பின்தங்கியிருக்கிறது என்று சில நிமிடங்களில் சொல்லிவிடும். முன்பு இதை நாங்கள் எக்செல்லில் பல நாள் செய்தோம். ஆனால் 12-ஆவது ரேக்கில் இருக்கும் டேட்டாபேஸ் சர்வருக்கு ஜோடி 31-ஆவது ரேக்கில் இருக்கிறது என்பது அந்த டூலுக்குத் தெரியாது. நாம் சொன்னால்தான் தெரியும். நாம் அதற்குச் சொல்லும் வழிதான் குரூப், அதாவது ஒன்றாக அப்டேட் செய்ய வேண்டிய சர்வர்களின் பட்டியல்.

அந்த குரூப்பை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் எங்கள் வேலையின் முக்கால்வாசி இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டோரேஜ் கிளஸ்டரில் நடந்ததைச் சொன்னால் இது புரியும்.

அந்த 12 சர்வர்களும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே மாடல். அதனால் கொள்முதல் பட்டியலை அப்படியே எடுத்து, 12-ஐயும் ஒரே குரூப்பில் போட்டிருந்தார்கள். நேரத்தை மிச்சப்படுத்த, ஒரு நேரத்தில் நான்கு என்று அமைப்பில் வைத்திருந்தார்கள். இந்தக் கிளஸ்டரில் ஒவ்வொரு தகவலுக்கும் மூன்று பிரதி உண்டு. ஒரு ரேக்கே மின்சாரம் இல்லாமல் போனாலும் மற்ற இரண்டு பிரதிகள் இருக்கட்டும் என்று, மூன்றும் மூன்று வேறு ரேக்குகளில் இருக்கும்படி அமைத்திருந்தோம். சர்வர்களுக்குப் பெயர் வைத்ததும் அதே வரிசையில்தான்: 01 முதல் ரேக்கில், 02 இரண்டாம் ரேக்கில், 03 மூன்றாம் ரேக்கில், 04 மறுபடி முதல் ரேக்கில். டூல் பெயர் வரிசைப்படி முதல் நான்கை எடுத்தது. அதாவது மூன்று ரேக்கிலிருந்தும் எடுத்தது. கணிசமான தகவலுக்கு மூன்று பிரதிகளுமே ஒரே நேரத்தில் ரீபூட்டுக்குப் போய்விட்டன. ஸ்டோரேஜ் நின்றுவிட்டது, அதன் மேல் ஓடிய எல்லாமும் நின்றது.

ரேக் விழுந்தால் காப்பாற்றுவதற்காக நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடே எங்களைக் கவிழ்த்தது. ஒரே ஒரு ரேக்கை மட்டும் ஒரு குரூப்பாக வைத்திருந்தால், நான்கு சர்வர்களையும் சேர்த்து இறக்கியிருந்தாலும் தகவல் நின்றிருக்காது. அந்த இரவு ஒரு பரிசோதனைக் கூடச் சங்கிலியின் ரிப்போர்ட்டுகள் 3 மணி 40 நிமிடம் வெளியே போகவில்லை. மருத்துவமனையில் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தவர்கள் யார், என்ன நிலையில் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த எண்ணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அன்று அந்த வாடிக்கையாளருக்கு நாம் கட்டிய அபராதம், டெஸ்ட் ரேக்கின் இரண்டு வருட வாடகையையும் மின்கட்டணத்தையும் சேர்த்ததைவிட அதிகம். இது நம் கணக்குப் பிரிவே கொடுத்த எண்.

டெஸ்ட் ரேக் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அது பயன்படாமல் சும்மா நிற்கிறது என்று உங்கள் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள்.

சென்ற வருடம் நெட்வொர்க் கார்டுக்கு ஒரு ஃபர்ம்வேர் வந்தது. தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில், எங்கள் விஎம் மென்பொருளோடும் டிரைவரோடும் அது ஒத்துப்போகும் என்றுதான் போட்டிருந்தது. டெஸ்ட் ரேக்கின் ஆறு சர்வரிலும் ஏற்றினோம். முதல் நாள் சரியாக ஓடியது, இரண்டாம் நாளும் சரி. எல்லாவற்றிலும் ஏற்றிவிடலாமே என்று மேலேயிருந்து தொலைபேசி வந்தது. ஒரு வாரம் பார்ப்பது எங்கள் வழக்கம் என்று சொல்லிக் காத்திருந்தோம். மூன்றாம் நாள், பேக்கப் ஓடும்போது போக்குவரத்து ஏறிய நேரத்தில், இரண்டு சர்வர்களில் நெட்வொர்க் இணைப்பு நான்கைந்து நொடி அறுந்து மறுபடி வந்தது. அறைக்குள் நின்று பார்த்தால் தெரியக்கூட மாட்டாது, லாக்கில்தான் தெரிந்தது. ஆனால் எங்கள் ஸ்டோரேஜ் அதே நெட்வொர்க் வழியாகத்தான் போகிறது. அது நான்கைந்து நொடி அறுந்தால், அந்த ஹோஸ்ட் செத்துவிட்டது என்று கிளஸ்டர் முடிவுகட்டி, அதன் விஎம்களை வேறு இடத்தில் புதிதாகத் தொடங்கிவிடும். 288 ஹோஸ்ட்டிலும் அது அவ்வப்போது நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மாதம் கழித்துத் தயாரிப்பாளரே அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்றார்கள். எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்குக்கூட அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் அந்த ஆறு சர்வர்கள். அவற்றின் பயனை உங்கள் அறிக்கையில் காட்ட எந்தக் கட்டமும் இல்லை, ஏனென்றால் எதுவும் நடக்கவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற சிப் பாதுகாப்புக் குறைக்காக இன்டெல் மைக்ரோகோடு (சிப்புக்குள் ஏற்றும் திருத்தம்) வெளியிட்டது. சர்வர் தயாரிப்பாளர்களும் அவசரமாக பயாஸ் அப்டேட் கொடுத்தார்கள். சில வாரங்களுக்குள், ஜனவரி 22 அன்று, அதை ஏற்றுவதை நிறுத்துங்கள் என்று இன்டெல்லே சொல்ல வேண்டியதாயிற்று; பிராட்வெல், ஹாஸ்வெல் சிப் இருக்கும் கணினிகள் தானாக ரீபூட் ஆகிக்கொண்டிருந்தன. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தால் நேர்ந்த விவகாரம் ஃபர்ம்வேர் இல்லைதான். ஆனால் ஒரு பிழையுள்ள கோப்பு படிப்படியாகப் போகாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனதால், 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸைப் பார்த்தோமே, அதேதான். இனிப் படிப்படியாக அனுப்புவோம் என்று அந்த நிறுவனம் அதற்குப் பிறகு சொன்னது. நாம் ஏற்கெனவே படிப்படியாகச் செய்துகொண்டிருக்கிறோம். அதை இப்போது கைவிடச் சொல்கிறீர்கள்.

அப்படியென்றால் அப்டேட்டே வேண்டாமா? நிச்சயமாக அப்படிச் சொல்லவில்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டங்களில் எங்களை எப்போதும் "வேண்டாம் என்று சொல்பவர்கள்" என்ற இடத்தில் வைத்துவிடுகிறார்கள். காகிதத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்றிருந்த அப்டேட்டை நான்கு முறை தள்ளிப்போட்டது போர்டுதான். பண்டிகைக் காலம், காலாண்டுக் கணக்கு முடிப்பு, ஒரு பெரிய வாடிக்கையாளரின் தணிக்கை, அப்புறம் காரணமே சொல்லாமல் ஒரு முறை. கடைசியாக முழுமையாகச் செய்து 14 மாதம் ஆகிறது. சேர்ந்துபோன இந்த வேலையை ஒரே இரவில் கொட்டித் தீர்க்கப் பார்க்கிறோம்.

தள்ளிப்போடுவதில் என்ன ஆபத்து என்றால், சில ஃபர்ம்வேர் பிழைகள் நமக்காகக் காத்திருக்காது. 2019 நவம்பரில் சர்வர் தயாரிப்பாளரான எச்பிஇ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அவர்களுடைய சில எஸ்எஸ்டி (சுழலாத, சிப் வகை டிஸ்க்) மாடல்கள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும்; அதாவது 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். செத்தபின் தகவலையும் மீட்க முடியாது, டிரைவையும் மீட்க முடியாது. தப்பிக்க ஒரே வழி, அதற்கு முன்பே ஃபர்ம்வேரை மாற்றிவிடுவது. 2016 மார்ச் தொடக்கத்தில் ஓடத் தொடங்கிய டிரைவுக்கு, அறிவிப்பு வந்ததிலிருந்து சில நாள்கள்தான் அவகாசம். நான்கு மாதம் கழித்து, 2020 மார்ச்சில், வேறு மாடல்களுக்கு 40,000 மணி நேரம் என்று இன்னொரு அறிவிப்பு வந்தது. இதில் என்னை உலுக்கியது வேறு ஒரு விஷயம். ஒரு சர்வரில் போடும் டிரைவ்கள் எல்லாவற்றையும் நாம் ஒரே நாளில்தான் போடுகிறோம், ஒரே நிமிடத்தில்தான் மின்சாரம் கொடுக்கிறோம். ஆகவே எல்லாம் ஒரே நேரத்தில்தான் சாகும். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்ற ரெய்டு நம்பிக்கை அங்கே செல்லாது. ஜோடி சர்வரையும் அதே நாளில் இயக்கியிருந்தால் அதுவும் கூடவே போகும். அந்த அறிவிப்பு வந்த வாரம், எங்களிடம் இருந்த ஒவ்வொரு டிரைவும் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கணக்கெடுத்து ஒட்டிவைத்தேன். அன்றிலிருந்து குரூப் பிரிக்கும்போது டிரைவின் வயதையும் பார்க்கிறேன். வருடத்துக்கு ஒரே முறைதான் அப்டேட் என்று ஒரு விதி அன்று இருந்திருந்தால், அந்த மாதிரி அறிவிப்பை வைத்துக்கொண்டு அடுத்த டிசம்பருக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு உதாரணம் பிஎம்சி. சர்வர் அணைந்திருந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும், தூரத்திலிருந்து சர்வரை இயக்கவும் அணைக்கவும் உதவும் சின்னக் கணினி அது. அதைப் பிடித்தவன் கையில் சர்வரே இருக்கிறது. மேலே எந்த ஆன்டிவைரஸ் போட்டாலும் பயனில்லை. 2025 மார்ச்சில், பல சர்வர் தயாரிப்பாளர்கள் பயன்படுத்தும் ஏஎம்ஐ நிறுவனத்தின் மெகாரேக் பிஎம்சி மென்பொருளில் ஓர் ஓட்டை வெளியே வந்தது. பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போகலாம். தீவிரத்துக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் கொடுத்தார்கள். ஜூன் மாதம், தாக்குதல்களில் உண்மையிலேயே பயன்படுத்தப்படும் ஓட்டைகளின் பட்டியலில் அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமை சிசா இதைச் சேர்த்தது. பிஎம்சி ஓட்டை ஒன்று அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல் முறை. நம்மிடம் எவை பாதிக்கப்படக்கூடியவை என்ற பட்டியலை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பட்டியலிட்ட வகை சைபர் சம்பவங்களை, தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட விதி. அப்படித் தெரிவிக்க நேர்ந்தால், பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வந்து எத்தனை மாதம் ஆகிறது என்ற கேள்விக்கு நாம் என்ன எழுதுவோம்?

இதில் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம், பிஎம்சி அப்டேட்டுக்குப் பொதுவாக சர்வரை ரீபூட் செய்யவே வேண்டாம் என்பதுதான். பிஎம்சி மட்டும் சில நிமிடம் மறைந்து திரும்ப வரும். மேலே விஎம்கள் ஓடிக்கொண்டே இருக்கும். டெஸ்ட் ரேக்கில் பார்த்துவிட்டு, பகலிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துவிடலாம். ஆனால் உங்கள் படிவத்தில் "ஃபர்ம்வேர்" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. பயாஸும் அதில்தான், டிஸ்க்கும் அதில்தான், பிஎம்சியும் அதில்தான். அதனால் ரீபூட் தேவையில்லாத அவசர பேட்ச்கூட, ரீபூட் தேவைப்படுபவற்றோடு சேர்ந்து வரிசையில் நிற்கிறது.

டிசம்பர் முதல் சனிக்கிழமை என்று யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. வியாபாரம் குறைவான வாரம் என்று பார்த்திருக்கலாம். சென்னையில் டிசம்பர் முதல் வாரத்தை நாங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. 2015 டிசம்பர் 1 வெள்ளத்தில் ஷிப்ட் மாற்ற ஆள் வர முடியவில்லை. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலின்போதும் அதேதான். நாங்கள் நான்கு பேர் இரண்டு நாள் உள்ளேயே இருந்தோம். பிஸ்கட்டும் தேநீரும்தான் சாப்பாடு. நாலு மணி நேரத்தில் உதிரிபாகத்தோடு ஆள் வருவார் என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது. சாலையில் தண்ணீர் நிற்கும்போது ஒப்பந்தம் வண்டி ஓட்டாது. 412 சர்வரில் பயாஸ் ஏற்றினால் ஒன்றிரண்டாவது எழாமல் போகும் என்று எதிர்பார்த்துத்தான் திட்டம் போட வேண்டும். மதர்போர்டு மாற்ற வேண்டி வரும். அந்த மதர்போர்டு எந்தச் சாலை வழியாக வரும் என்பதும் திட்டத்தில் சேர்ந்ததுதான்.

மதர்போர்டு என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மூன்று வருடத்துக்கு முன், 4 மணி நேர விண்டோவில் (வேலைக்கு ஒதுக்கிய நேரத்தில்) 96 சர்வர்கள், ஆள்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன தம்பி. பத்துப் பத்தாகச் செய்தாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன். அதிகாலை 3.20-க்கு அவர் கூப்பிட்டார். "அண்ணா, ஸ்கிரீன் வரவே இல்ல. பத்து நிமிஷம் ஆச்சு. ஃபேன் மட்டும் முழு வேகத்துல ஓடுது. ஹேங் ஆயிடுச்சுன்னு நினைக்கிறேன்." நான் அடுத்த ஹாலில் வேறு ஒரு சர்வரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தொடாதே என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துவிட்டார். பயாஸ் பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுவிட்டது. மீட்கும் வழிகள் எல்லாவற்றையும் முயன்றோம். எழவில்லை. மதர்போர்டு மாற்ற வேண்டியதாயிற்று.

அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் "மனிதத் தவறு" என்று எழுதினீர்கள். 96 சர்வரை இரண்டு பேரிடம் 4 மணி நேரத்துக்குக் கொடுத்தது யாருடைய தவறு என்று அந்த அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. அந்த மாடலில் பயாஸ் ஏறும்போது திரை பதினைந்து நிமிடம் வரை கறுப்பாக இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டெஸ்ட் ரேக்கில் ஒரு முறை கூடவே நிற்கவைத்திருந்தால் அவரே பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார். அந்த வருடம் அவருக்குச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போனார். கவனமான பையன். இன்றைக்கு இருந்திருந்தால் இந்த 412-ஐ அவரை நம்பி ஒப்படைப்பேன். அன்று நான் அவருக்காக இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும். இந்த மடலை எழுதத் தூண்டிய காரணங்களில் அதுவும் ஒன்று. வரும் டிசம்பர் இரவில் ஷிப்டில் இருக்கப்போகும் நான்கு பேரில் இரண்டு பேர் ஒரு வருட அனுபவம்கூட இல்லாதவர்கள்.

ஆகவே நான் கேட்பவை இவை.

டிசம்பர் முதல் சனிக்கிழமைத் திட்டத்தை ரத்து செய்யுங்கள். அதற்குப் பதிலாக, 14 மாத பாக்கியை ஜனவரி நடுவிலிருந்து படிப்படியாகத் தீர்க்க அனுமதி கொடுங்கள்: முதலில் டெஸ்ட் ரேக், ஏழு நாள் காத்திருப்பு, பிறகு ஒரே ஒரு விஎம் கிளஸ்டர், மறுபடி ஏழு நாள், அதன்பின் மற்றவை. ஒரு விஎம் கிளஸ்டருக்கு மூன்று இரவு வேண்டும். ஒரே இரவில் நான்கைந்து கிளஸ்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் செய்யலாம், அதற்கான அட்டவணையை நான் ஏற்கெனவே போட்டு அனுப்பியிருக்கிறேன். இந்த பாக்கி தீர்ந்தபின் பழையபடி மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்குத் திரும்புவோம். ஒரு முறைக்கு மேல் தள்ளிப்போட வேண்டுமென்றால், தள்ளிப்போடுபவர் தன் பெயரையும் காரணத்தையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

பிஎம்சி பேட்ச்களை அந்த வரிசையிலிருந்து பிரித்துவிடுங்கள். படிவத்தில் அதற்குத் தனிக் கட்டம் வையுங்கள். நான் அனுப்பிய பட்டியலில் இருக்கும் சர்வர்களுக்கு இந்த மாதமே தொடங்க ஒப்புதல் வேண்டும். தயாரிப்பாளர் தேதி குறித்து எச்சரிக்கும் டிஸ்க் பிழை மாதிரியானவற்றுக்கு, போர்டு கூடும்வரை காத்திருக்காமல் 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல உங்களில் ஒருவரை நியமியுங்கள்.

குரூப் பிரிக்கும் பொறுப்பை, அந்த சர்வர்களை நடத்துபவர்களிடம் கொடுங்கள். கொள்முதல் பட்டியலிலிருந்து எடுத்த குரூப்களை இனி டூலில் ஏற்றக் கூடாது. ஜோடியின் இரண்டு பக்கமும் ஒரே குரூப்பில் வரக் கூடாது. ஒரே தகவலின் பிரதிகள் இருக்கும் இரண்டு ரேக்குகள் ஒரே இரவில் கூடாது. இதை எழுத்தில் விதியாக்குங்கள். அந்த விதியை மீறி வரும் சேஞ்ச் டிக்கெட்டை (மாற்றக் கோரிக்கையை) திருப்பி அனுப்ப ஷிப்டில் இருப்பவருக்கு அதிகாரம் கொடுங்கள், அவர் எவ்வளவு இளையவராக இருந்தாலும்.

ஃபர்ம்வேர் இரவு எதுவானாலும், அந்த மாடலை டெஸ்ட் ரேக்கில் ஒரு முறையாவது தன் கையால் அப்டேட் செய்து பார்த்தவர்தான் அதில் இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நேரத்தில் எத்தனை சர்வர் என்பதற்கு ஓர் உச்ச எண் வையுங்கள். என் அனுபவத்தில் ஐந்து.

மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த அறிக்கையைத் திறந்து, "மனிதத் தவறு" என்ற வரியைத் திருத்துங்கள். நேரமும் ஆளும் போதவில்லை என்று முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டிருந்தது என்பதைச் சேருங்கள். என் மின்னஞ்சல் தேதியோடு இருக்கிறது. திருத்திய பிரதியை அந்தத் தம்பிக்கு அனுப்புங்கள். முகவரி மனிதவளப் பிரிவில் இருக்கும்.

கடைசியாக, டெஸ்ட் ரேக்கை எடுத்துப்போக வரும் வெள்ளிக்கிழமை லாரி வருகிறது என்று கேட் பாஸ் ஒன்று என் மேஜைக்கு வந்திருக்கிறது. அதில் நான் கையெழுத்துப் போடவில்லை. வியாழக்கிழமை உங்கள் கூட்டம் இருக்கிறது. எங்கள் ஷிப்டிலிருந்து இரண்டு பேரை அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். கணக்கையும் லாக்கையும் எடுத்துக்கொண்டு வருகிறோம். நீங்கள் நேரில் கேட்டு முடிவு சொல்லும்வரை அந்த லாரியை நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
இரவு ஷிப்ட் சர்வர் பிரிவிலிருந்து ஒருவன்